தலையை யார் மொழிபெயர்ப்பது

வெனெத்தா சகரோவாவின் பேச்சு வந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "அவங்க பழைய காலத்து ஆளு, புதுசு எதுவும் ஒத்துக்காது" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். இந்தப் பள்ளிக்கூடத்தில் புதியதை உண்மையாகவே ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். மற்ற நாங்கள் எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், பாடத்திட்டத் தாளில் தலைப்பை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தவர்கள்.

என் பெயர் ஸ்பாஸ். வீதின் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். என் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் டான்யூப் தெரியும், அக்கரையில் ருமேனியா தெரியும். என் பாடத்தில் நதியும் மலையும் அப்படியே இருக்கும், நாடுகள்தான் காணாமல் போகும். யூகோஸ்லாவியா என்று எழுதிய ஒரு பையனுக்கு ஆறு போட்டேன். எங்களுக்கு ஆறுதான் உச்ச மதிப்பெண், இரண்டு வாங்கினால் தோல்வி. சில வருஷம் கழித்து அதே விடையை எழுதிய அவன் தம்பிக்கு இரண்டு போட வேண்டி வந்தது. அண்ணன்காரன் நேரே வந்து, "சார், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று சண்டைக்கு நின்றான். நான் தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன். வெனெத்தாவால் அப்படித் தோளைக் குலுக்க முடியாது. தான் சொல்லிக்கொடுத்தது பழசாகிப்போயிற்று என்று தெரிந்தால் அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது.

அவள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் கற்றல் என்றால் பழக்கம். பாடத்தைச் சின்னச் சின்னப் படியாக நறுக்கு, ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி கேள், சரியாகச் சொன்னால் உடனே பாராட்டு, தப்பென்றால் ஒரு படி பின்னால் போ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே உட்கார்ந்து அட்டை அட்டையாக வெட்டி, பின்பக்கம் சிவப்பு நட்சத்திரம் ஒட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் நட்சத்திரத்துக்காக வாய்ப்பாட்டை மழை மாதிரி கொட்டினார்கள். பிறகு பொதுவுடைமை ஆட்சி கவிழ்ந்தது, சிவப்பு நட்சத்திரமும் கவிழ்ந்தது. தலைநகரிலிருந்து வந்த நிபுணர்கள், அறிவை ஊட்ட முடியாது, பிள்ளை தானாகவே கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு குறிப்பெடுத்தோம். அவள் கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக அட்டைகளைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். இலையுதிர் காலத்தில் பள்ளி முற்றத்தில் அடுப்பு மூட்டி, குடமிளகாயைச் சுட்டு, தக்காளியோடு போட்டு லூத்தெனித்சா கிளறியபடியே பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. வந்தவர்களுக்கும் ரொட்டியில் தடவிக் கொடுத்து, "இதுல மூணுல ரெண்டு பங்கு எவ்வளவு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டவள் அவள்.

இந்தக் கொள்கைக்கும் ஒரு நாள் வயதாகிவிட்டது. இணையம் வந்தது, போன் வந்தது, பிள்ளைகளுக்குத் தெரிந்தது வாத்தியார்களுக்குத் தெரியவில்லை. தலைநகர் சோஃபியாவில் ஒரு பயிற்சிக்குப் போய், அந்த நொண்டி ரயிலில் இடுப்பு ஒடியத் திரும்பி வந்தவள், மறுநாள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவைப் பிய்த்து வாயில் போட்டபடியே எனக்குப் பாடம் நடத்தினாள்.

"ஸ்பாஸ், அறிவுங்கறது இப்ப ஒரு தலைக்குள்ள இல்லையாம். தலைகளுக்கு நடுவுல இருக்காம். இன்னிக்குக் கத்தது நாளைக்கே பழசாயிடுது. அதனால என்ன தெரியுங்கறது முக்கியமில்ல, எங்க போய்த் தேடணும், யாரோட சேரணும், அதான் படிப்பு. நாம இத்தன நாளா பாத்திரத்த நெறைக்கிறதப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம். இப்ப பாத்திரமே கெடையாதுங்கறாங்க."

"பாத்திரம் இல்லேன்னா சூப்ப எதுல ஊத்துறதாம்?"

"உனக்கு எதச் சொன்னாலும் வயித்துலதான் வந்து நிக்கும்."

"சரி, இந்தத் தடவ எதக் குப்பையில போடப்போறே?"

"என்னைத்தான்" என்று சிரித்தாள். "பிள்ளைக்கு ஏத்த மாதிரி பாடம் மாறணும். பாடத்துக்கு ஏத்த மாதிரி பிள்ளை மாறக் கூடாது. இத நான் அப்பலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். இப்பதான் அதுக்கு வழி கெடச்சிருக்கு."

வழி என்றது ஒரு மெஷினை. மெஷின் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொடுதிரைப் பலகை, அதில் ஒரு கேமராக் கண். வெளிநாட்டில் செய்தது. அதைக் கொண்டுவந்த கம்பெனியின் ஆள் யாசென் என்ற இளைஞன், சோஃபியாக்காரன், கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளை ஷூ. பலகை பாடத்தைச் சொல்லும், கேள்வி கேட்கும், இடையிடையே "இது புரிந்ததா?" என்று கேட்டுப் பிள்ளையின் முகத்தையும் தலையசைவையும் பார்க்கும் என்றான். புரிந்திருந்தால் மேலே போகும். புரியவில்லை என்றால் இறங்கிவந்து சுலபமாகச் சொல்லும். இருபது பிள்ளைக்கும் இருபது வாத்தியார். எல்லாவற்றையும் எங்கள் மொழியிலேயே பேசும், ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்த்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னான். நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "என் நாலாம் வகுப்புக்குக் குடுங்க" என்று கை தூக்கினாள் வெனெத்தா. தலைமையாசிரியை எலியானாவுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

நாலாம் வகுப்பு என்பதில்தான் சிக்கலே. எங்கள் ஊரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெற்றவர்கள் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். இருக்கிற பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பில் இரண்டாகப் பிரிப்போம். அ பிரிவுக்கு நல்ல கணக்கு வாத்தியார், ஆய்வகம், பிறகு பெரிய நகரத்துப் பள்ளிகள். ப பிரிவுக்கு 'ஆதரவு வகுப்பு' என்று நாகரிகமாகப் பெயர். உண்மையில் அது நாற்காலி போட்டு உட்காரவைத்து வைக்கிற இடம். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த வருஷத்திலிருந்து யார் அ, யார் ப என்பதை மெஷினின் கணிப்பை வைத்துத்தான் முடிவு செய்வது என்று எலியானா அறிவித்துவிட்டாள். ஆசிரியரின் ஓரவஞ்சனைக்கு இடமே இல்லையாம்.

அந்த வகுப்பில் ரலித்சா என்று ஒரு பெண். அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அம்மா இத்தாலியில் ஒரு பணக்காரக் கிழவியைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கிற வேலையில் இருந்தாள். ஒல்லியான பெண், பின்னல் எப்போதும் கோணலாக இருக்கும், அப்பா பின்னிவிடுவதால். மூளை மட்டும் கத்தி. நாலாம் வகுப்புக்கு நான் வாரத்தில் ஒரு மணி நேரம் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பேன். "சார், டான்யூப் எட்டு பத்து நாட்டுல ஓடுதே, தண்ணி எந்த நாட்டுது?" என்று கேட்டு என்னை விழிக்கவைத்தவள் அவள். அதைவிட, மரியாதை தெரிந்த பிள்ளை. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்கமாட்டாள். கேட்டது பலகையாக இருந்தாலும்.

குளிர்காலம் வந்தபோது ரலித்சா சறுக்க ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகள் பின்னத்திலும் பரப்பளவிலும் இருக்க, அவள் பலகை கூட்டல் கழித்தலுக்கு இறங்கிவிட்டது. பிறகு இன்னும் கீழே. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன்: ஒரு கூடையில் ஆப்பிள்களைக் காட்டி, எத்தனை என்று எண்ணு, என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

நான் நேரே வெனெத்தாவிடம் போனேன். "உன் மெஷினுக்குப் பைத்தியமா? அந்தப் பொண்ணு உன்னையும் என்னையும் வித்துச் சாப்பிட்டுடுவா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். அவள் முகம் வாடியிருந்தது. "யாசென்கிட்டப் பேசினேன். விடையெல்லாம் சரியாத்தான் சொல்றாளாம். ஆனா புரிஞ்சுதான்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் இல்லேங்கறாளாம். அப்ப ஊகிச்சுச் சொல்றா, அடிப்படை இல்லேன்னு மெஷின் சொல்லுது."

"நீ என்ன சொல்றே? உன் கண்ணு என்ன சொல்லுது?"

"என் கண்ண நான் நம்பக் கூடாது ஸ்பாஸ். நமக்குப் பிடிச்ச பிள்ளைய நாம கெட்டிக்காரின்னு நெனச்சுக்கறோம். எத்தன வருஷமா எத்தன பிள்ளைங்களுக்கு அப்படித் தப்பா மார்க் போட்டேனோ. அதுக்குத்தானே இது வந்திருக்கு."

இதுதான் அவளுடைய வியாதி. எங்களுக்கெல்லாம் புதுக் கொள்கை என்றால் மேல்சட்டை. வீட்டுக்குப் போனதும் கழற்றி மாட்டிவிடுவோம். அவளுக்கு அது தோலாகிவிடும். தன் கண்ணையே தப்பு என்று சொல்கிற அளவுக்கு ஒருத்தி நேர்மையாக இருந்தால் அந்த நேர்மையை என்ன செய்வது?

மார்ச் பிறந்தது. வசந்தத்தை வரவேற்கிற எங்கள் வழக்கப்படி பிள்ளைகள் எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் ஏதோ வரைபடம் கேட்க வெனெத்தாவின் வகுப்புக்குப் போயிருந்தேன். அவள் ரலித்சாவின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பலகை ஒரு கழித்தலைச் சொல்லிவிட்டு, "இது புரிந்ததா?" என்று கேட்டது. அதே நொடியில் வெனெத்தாவும் வாய் தவறி, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

ரலித்சா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

வெனெத்தா, "நல்லது" என்றாள். பலகை, "பரவாயில்லை, இன்னும் சுலபமாகப் பார்ப்போம்" என்றது.

அவள் அப்படியே நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் ஜனங்கள் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இல்லை என்றால் தலையை மேலே வெட்டிக் கீழே இறக்குவோம். பிறந்ததிலிருந்து அப்படித்தான், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். மற்ற உலகம் இதைத் தலைகீழாகச் செய்கிறது என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். பூகோள வாத்தியாரான எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் பிள்ளை ஒன்று தலையை ஆட்டினால் அது எங்கள் கண்ணுக்குத் தலையாட்டலாகவா தெரியும்? 'ஆமாம்' என்றுதான் காதில் விழும். மாதக்கணக்காக அந்தப் பெண், புரிகிறது, புரிகிறது என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷின் அவளை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே போயிருக்கிறது. பெஞ்சில் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்த தடியன்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். அவர்கள் யாருக்கும் பதில் சொல்கிற வழக்கமே இல்லை, தலையை அசைக்காததால் மெஷின் விடையை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டது. வேறு சில பிள்ளைகளும் கொஞ்சம் இறங்கியிருந்தார்கள். ஆனால் ரலித்சா அளவுக்கு யாரும் அந்தப் பலகையை மதிக்கவில்லை.

"ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்த்தாங்களாம்" என்றாள் வெனெத்தா, மூச்சு வாங்க. "தலைய யார் மொழிபெயர்க்கறது?"

யாசென் வந்தான். எலியானாவின் அறையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். வெனெத்தா விஷயத்தைச் சொல்லி, "இதான் நடந்திருக்கு, புரியுதா?" என்றாள். "அடடா, புரியுது" என்று அவன் தன் தலையையே இடமும் வலமுமாக ஆட்டினான். ஆட்டிவிட்டு, பாதியில் அப்படியே நின்றுவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மாத்திடலாம் இல்ல?" என்று கேட்டாள் வெனெத்தா.

"மேடம், இது எத்தனையோ தேசத்துல ஓடுது. நம்ம ஒருத்தருக்காக மாத்தமாட்டாங்க. நாம ரொம்பச் சின்ன சந்தை."

"சரி, இதுவரைக்கும் இந்தப் பொண்ணப் பத்திச் சேத்து வெச்சிருக்கிறத அழிச்சிடுங்க."

"அது முடியாது. சிஸ்டம் ஒரு தடவ கத்துக்கிட்டா கத்துக்கிட்டதுதான்."

"அட பாவி" என்றேன் நான். "எங்களயெல்லாம் கத்தத மறக்கணும், மறந்து புதுசாக் கத்துக்கணும்னு கூட்டம் போட்டுச் சொன்னீங்களே, அது உங்க மெஷினுக்குக் கெடையாதா?"

அவன் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டான். எலியானா தொண்டையைக் கனைத்தாள். அவள் கெட்டிக்காரி, எந்தக் குழியில் விழுந்தாலும் அதிலேயே ஒரு படிக்கட்டைக் கண்டுபிடிப்பாள்.

"இதுல என்ன பெரிய விஷயம்? பிள்ளைங்களுக்குத் தலையாட்டச் சொல்லிக் குடுத்துட்டாப் போச்சு. காலையில அஞ்சு நிமிஷம். மேல கீழன்னா ஆமா, பக்கவாட்டுன்னா இல்ல. எப்படியும் நாளைக்கு இதுங்க ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போகப்போறதுங்கதான். அங்க போய் நம்ம மாதிரி ஆட்டினா எவன் வேல குடுப்பான்? இப்பவே கத்துக்கட்டும்."

"எலியானா, என்ன பேசறே நீ?"

"ஏன்? மாறணும் மாறணும்னு எங்க உயிர வாங்கினது நீதானே? இப்ப உன்ன மாறச் சொன்னா கசக்குதா?"

"நான் மாறச் சொன்னது நம்மள. பிள்ளையோட கழுத்த இல்ல."

அந்தப் பயிற்சியை நடத்த வெனெத்தா மறுத்துவிட்டாள். எலியானாவே தினமும் வந்து நடத்தினாள். "நெருப்பு சுடுமா? மேல, கீழ! பூனை பறக்குமா? பக்கம், பக்கம்!" பிள்ளைகளுக்கு முதலில் ஒரே கும்மாளம். அந்த வாரம் ஊரில் பல வீட்டில் கூத்து நடந்தது. "சூப் வேணுமாடா?" என்று கேட்டால் பையன் மேலும் கீழும் ஆட்டுவான், வேண்டாமாக்கும் என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், பையன் பசியில் அலறுவான். பிறகு பிள்ளைகள் சூட்சுமம் பிடித்துக்கொண்டார்கள். பலகைக்கு முன்னால் ஒரு தலை, வெளியே வந்தால் இன்னொரு தலை. நாங்கள் பாடத்திட்டத் தாளில் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்.

ரலித்சாவுக்கு அந்தக் கள்ளத்தனம் வரவில்லை. தான் தப்பாக ஆட்டியதால்தான் மெஷின் தன்னைக் கீழே தள்ளியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று முழு மனசாக இறங்கிவிட்டாள். ஐஸ்கிரீம் கடையிலும் மேலே கீழே. அப்பாவின் பேருந்திலும் மேலே கீழே. அம்மா போனில் அழைக்கும்போதும் அப்படியே. அம்மாவும் இத்தாலியில் இருந்து இருந்து அவர்களைப் போலவே ஆட்டப் பழகியிருந்ததால் அவளுக்கு ஒரே சந்தோஷமாம். "ஒரு மாசத்துல எம்பொண்ணு கழுத்தே மாறிப்போச்சு வாத்தியாரே" என்று அவள் அப்பா என்னிடம் பேருந்தில் சொன்னார். "இப்ப நான் எதையாவது இல்லேன்னு தலைய வெட்டினா, சரீன்னுட்டதா நெனச்சு எடுத்துக்கிட்டுப் போயிடறா." அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மெஷின் அவளை மேலே ஏற்றத் தொடங்கியது உண்மை. ஆனால் ஆப்பிள் எண்ணுகிற இடத்திலிருந்து மே மாதத்துக்குள் எவ்வளவு தூரம்தான் ஏற முடியும்? கணிப்பில் அவள் பெயர் ப பிரிவில்தான் இருந்தது. வெனெத்தா கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்ணுக்கு ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், எந்தக் கணிப்பும் பார்க்காத ஒரு வாத்தியார் கேட்கிற கணக்குகள். போட்டாள் என்றால் அ பிரிவு. அதற்காக எலியானாவின் கதவை அவள் தட்டாத நாள் இல்லை. கடைசியில் விஷயம் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தது.

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றாள் எலியானா. "மெஷின் தப்புன்னு நாமளே சொன்னா மெஷினப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம பள்ளிக்கூடம் முன்மாதிரின்னு பேர் வாங்கியிருக்கு. ஒரு பொண்ணுக்காக அதக் கெடுத்துக்கணுமா?"

வெனெத்தா எழுந்து நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "கொள்கைங்கறது மாறணும்னா எதுக்காக மாறணும்? புதுசா ஒண்ணு வந்திருக்குங்கறதுக்காகவா? முன்னால ஒக்காந்திருக்கிற பிள்ளைக்காகத்தானே? அந்தப் பிள்ளையே வேண்டாம்னா அப்புறம் இந்தக் கட்டடம் எதுக்கு, நாம எதுக்கு?"

யாரோ ஒருவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். ஓட்டுக்கு விட்டார்கள். அவள் பக்கம் அவள் கையும் என் கையும்தான் உயர்ந்தன. சாயங்காலமே பிரிவுப் பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டார்கள்.

அந்தக் கோடையோடு வெனெத்தா வேலையை விட்டாள். ஓட்டில் தோற்ற கோபம் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அது இல்லை. தோற்பது அவளுக்குப் புதிதல்ல. மறுநாள் காலையில் நடந்ததுதான் காரணம். பார்த்தது நான் மட்டும்.

மறுநாள் எழுத்துத் திருநாள். வருஷா வருஷம் மே மாதத்தில் பிள்ளைகள் எங்கள் நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்தையும் பெரிய அட்டையில் வெட்டிப் பூச்சுற்றி, கையில் ஏந்தி ஊர்வலம் போவார்கள். கல்விக்குத் திருவிழா எடுக்கிற ஊர் நாங்கள், பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பள்ளி வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. நானும் வெனெத்தாவும் நாலாம் வகுப்பின் பக்கத்தில் நின்றோம். எங்களுக்கு நேர் பின்னால் பாண்டு வாத்தியக்காரர்கள். டிரம் ஆரம்பித்ததும் காது அடைத்துப்போயிற்று.

ரலித்சா எழுத்தட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகி வந்தாள். கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வெனெத்தாவின் கையைப் பிடித்து இழுத்து, எட்டி நின்று, காதில் கத்தினாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"டீச்சர், நான் மண்டுவா?"

வெனெத்தா ஏதோ சொன்னாள். தாரை சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. பிள்ளை புரியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உடனே அவள் குனிந்து, பிள்ளையின் இரண்டு தோளையும் பற்றி, கண்ணுக்கு நேராகப் பார்த்து, தன் முழு பலத்தோடும் தலையை மேலே வெட்டி இறக்கினாள். மறுபடியும் மேலே, கீழே. மறுபடியும். எங்கள் ஜனங்கள் இல்லை என்று சொல்வதில் அதைவிட உறுதியாக ஓர் 'இல்லை' கிடையாது. நீ மண்டு இல்லை, இல்லவே இல்லை என்று அவள் கண்ணில் நீர் தளும்பத் தலையால் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

ரலித்சா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையை விட்டுவிட்டு, அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வரிசைக்குப் போய்விட்டாள். ஊர்வலம் நகர்ந்தது.

எனக்கு உடனே உறைக்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே. ஆற்றங்கரைப் பூங்காவில் ஊர்வலம் நின்று, வாத்தியம் ஓய்ந்தபோதுதான் வெனெத்தா என் கையை இறுகப் பிடித்தாள். "ஸ்பாஸ், நான் எப்படி ஆட்டினேன்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது: கழுத்து மாறிப்போன அந்தப் பிள்ளைக்கு அது 'ஆமாம்'. பெற்றோர்களையும் பூச்செண்டுகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"இல்லடி கண்ணு, நான் இல்லேன்னுதான் சொன்னேன்! நம்ம ஊர் மாதிரி சொன்னேன்டி. நீ மண்டு இல்ல. இந்த வகுப்புலயே உன்ன மாதிரி ஒருத்தி கெடையாது. மெஷின்தான் தப்பு. கேக்குதா? நான் இல்லேன்னுதான் சொன்னேன்."

ரலித்சா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் அழுகையோ கோபமோ இல்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. பெரியவர்கள் ஆறுதலுக்காக ஏதாவது சொல்லும்போது பேச்சை வெட்டக் கூடாது என்று தெரியும். முடித்ததும் வெனெத்தாவின் கன்னத்தை ஒரு விரலால் துடைத்துவிட்டாள்.

"வருத்தப்படாதீங்க டீச்சர்" என்றாள். "எனக்கு முன்னாடியே தெரியும்."

அப்புறம் அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.